விற்பனைக்கு: ஓடாத மொட்டைக் கார்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம். அத்தானும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். சுற்றிலும் கடல், பக்கத்தில் நான் இல்லை, உனக்கென்ன குறை?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் காரை விற்கப் போகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. போனில் உன்னிடம் பேசி நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. "அடுத்த லீவுல வந்து ஓட வெச்சிடறேன்க்கா" என்று தேன் ஒழுகப் பேசுவாய். நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் உனக்குச் சொல்ல வேண்டிய பதிலெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். ஆகவே இந்த விவகாரம் முடிகிற வரை போன் கிடையாது. நீ கூப்பிட்டால் அத்தான்தான் எடுப்பார். மழையைப் பற்றி மட்டும் பேசச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் மெஷினை மிதித்தேன். இப்போது புதிதாகக் கட்டியிருக்கிற கலையரங்கத்துக்கு மேடைத் திரையும் நாற்பது ஜன்னல் திரையும் தைக்கிற வேலை வந்திருக்கிறது. கடைப் பெயருக்கு இல்லை, என் பெயருக்கு. அவ்வளவு துணியை விரித்து வெட்டப் பதினாறு அடி மேஜை வேண்டும். தச்சரிடம் சொல்லியாகிவிட்டது, ஏப்ரல் பதினைந்தாம் தேதி கொண்டுவந்து இறக்குவார். அதை இறக்க இந்த வீட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அங்கே பதினோரு வருஷமாக உன் கார் நிற்கிறது. நிற்கிறது என்பதுகூடப் பெரிய வார்த்தை, நாலு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குள் ஷெட் காலியாகவில்லை என்றால் அந்த வேலை என் பழைய முதலாளிக்குப் போய்விடும். அவர் ஒவ்வொரு நாளும் காலண்டரைக் கிழிக்கும்போது என்னை நினைத்துக்கொள்கிறார் என்று கேள்வி.

நீ வந்து ஏதாவது செய்வாய் என்றும் நம்ப முடியாது. நாலு வருஷமாக லீவுக்கு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எனவே விளம்பரத்தை நானே எழுதிவிட்டேன்:

"விற்பனைக்கு: பழைய மொட்டைக் கார், இரண்டு கதவு. ஓடாது. மேலே மடக்கும் துணிக் கூரை கிழிந்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்து ஓரமாக வைத்திருக்கிறது. தரையில் இரண்டு இடத்தில் துரு, கை நுழையும். பின்சீட்டில் எலி குடியிருந்தது, இப்போது இல்லை. பழையபடி ஆக்குகிற பொறுமை உள்ளவர்கள் மட்டும் வரவும்."

ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுது.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

கலையரங்க வேலை கிடைத்ததற்கு முதலில் என் கைதட்டல். நிஜமாகவே எழுந்து நின்று தட்டினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். எலியை எதற்கு எழுதினாய்? அதுதான் காலி செய்துவிட்டுப் போய்விட்டதே! வீட்டை வாடகைக்குப் பார்க்க வருகிறவரை யாராவது கூரை ஒழுகுகிற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவார்களா? அதுவும் "மொட்டைக் கார்" என்று! தெருக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டிப்போனால் அது எப்பேர்ப்பட்ட வண்டி என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். நான் வாங்கும்போதே அது ஓடவில்லை.

விற்கத்தான் வேண்டும் என்றால் இதைப் போடு:

"கம்பீரமான அந்தக் காலத்துக் கார். கூரையை மடக்கினால் வானம் உங்களுடையது. சிறு வேலை மட்டும் பாக்கி. ரசனை உள்ளவர்களுக்கு."

ஆனால் விற்கத்தான் வேண்டுமா? வெளியூரிலிருந்து ஒரே ஒரு பாகம் வர வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லித்தானே இத்தனை வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறோம். அது மட்டும் வந்துவிட்டால் ஒரே மாதம். மேஜையை ஆறு மாதம் தள்ளிப்போட முடியாதா?

முடியாது என்று நீ முகத்தைத் திருப்புவது இங்கிருந்தே தெரிகிறது. சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உடைத்துத் துண்டு துண்டாக விற்கிறவனுக்குக் கொடுத்துவிடாதே. அதை முழு வண்டியாகப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கொடு.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

இரண்டு விளம்பரத்தையும் போட்டேன், யார் கெட்டிக்காரர் என்று பார்க்கத்தான்.

உன் விளம்பரத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். எல்லாரும் ரசனை உள்ளவர்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டே வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். கதவு கையோடு வந்துவிட்டது. இன்னொருவர், "சிறு வேலைன்னு போட்டிருந்தீங்களே?" என்று எஞ்சினைத் தேடினார். ஓரத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்ததைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

என் விளம்பரத்துக்கு ஒரே ஒருவர். மார்க்கெட்டுக்கு எதிரில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டரம்மா. துவைத்துப் பெட்டி போட்ட உடுப்போடு அப்படியே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் சிரிப்பு. "துரு இருக்கட்டும்மா, அதை வெட்டி ஒட்டிக்கலாம். கழட்டின சாமானெல்லாம் முழுசா இருக்கா, அதைச் சொல்லுங்க" என்றார். எல்லாம் அலமாரியில் டப்பா டப்பாவாக இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று போயிருக்கிறார். உடைத்து விற்கிற ஆள் இல்லை. வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அத்தானுக்குத்தான் இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அந்த வண்டிக்குள் உட்கார்ந்துதான் தினமும் சாயங்காலம் பேப்பர் படிக்கிறார் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

கடைசியாக நல்ல செய்தி. டாக்டரம்மா வருகிறாரே, பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று உன் நாற்பத்திரண்டு டப்பாவையும் இறக்கினேன். ஒரு டப்பாவில் மூன்று போல்ட், இன்னொன்றில் ஏழு, ஒன்றில் வாஷர் மட்டும். பிசுக்குப் பிடித்துக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நான் பொத்தான் பிரிக்கிற மாதிரி சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து ஆறே டப்பாவில் அடைத்துவிட்டேன். உள்ளே கிறுக்கலாகத் துண்டுக் காகிதங்கள் கிடந்தன, குப்பையில் போட்டேன். இரண்டு நாள் வேலை. இப்போது அலமாரியைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

அசந்துதான் போனேன்.

அந்த ஒவ்வொரு டப்பாவும் எஞ்சினில் ஓர் இடம். அந்தக் கிறுக்கல் காகிதம் ஒவ்வொன்றும் அந்த இடத்தின் விலாசம். எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றுக்கொன்று ஒரு நூல், அரை நூல் நீளம் வித்தியாசம். நீளம் கூடின போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் அடியில் போய் முட்டி எஞ்சினையே பிளந்துவிடும். இப்போது உலகத்தில் எந்த மெக்கானிக் வந்தாலும் அதைப் பூட்ட முடியாது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உனக்கு உலகத்தில் எல்லாமே பொத்தான்தானா?

விற்க வேண்டாம். யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது, அழுகை நின்றுவிட்டது.

ஆமாம், எனக்கு எல்லாம் பொத்தான்தான். அந்தப் பொத்தானில்தான் இந்த வீடு நடந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது "அக்கா, டப்பாவைத் தொடாதே" என்று ஒரு வரி எழுதினாயா? டப்பாவின் மேல் எழுதி ஒட்டினாயா? இல்லை. உள்ளே கோழிக் கிறுக்கலில் எழுதி, எனக்கு ஜோசியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஆனாலும் தப்பு என்னுடையதுதான். கேட்டிருக்க வேண்டும். எழுதிவிட்டேன், இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

டாக்டரம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஆறு டப்பாவையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாப்பது பேரோட பல் செட்டைக் கலந்து குடுத்தாலும் எது எந்த வாய்க்குன்னு ஒரே நாள்ல பிரிச்சிருவேன். இந்த வாய் எனக்குப் புதுசும்மா" என்றார். பிறகு கேட்டார்: "கழட்டினவருக்கு ஞாபகம் இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூட வாய்ப்பாடு நிற்காத உன் மண்டையில் இது மட்டும் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

இத்துடன் சுருட்டி அனுப்பியிருப்பது நான் துணி வெட்ட மாதிரி வரைகிற பழுப்புக் காகிதம். ஒவ்வொரு போல்ட்டையும் அதன்மேல் படுக்கவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன், அதே அளவு, அதே நீளம். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அதே எண்ணை நூலில் கட்டி அந்தந்தப் போல்ட்டில் தொங்கவிட்டிருக்கிறேன். ஏழு நாள் பிடித்தது. நீ பக்கத்தில் விலாசத்தை எழுதி அனுப்பினால் போதும். முழுசாக வந்தால் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் டாக்டரம்மா.

பதினைந்தாம் தேதி பதினைந்தாம் தேதியாகவே இருக்கிறது.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதத்தைப் பவர் ஹவுஸ் கன்ட்ரோல் ரூம் தரையில் விரித்தேன். அறை நிறைந்துவிட்டது. பென்சில் கோட்டில் போல்ட்டின் திருகு மரைகூடத் தெரிகிறது. உன் கை என்ன கையோ. திட்டினதற்கு மன்னித்துவிடு.

ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். பதினேழாவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, தலையில் ஒரு தழும்பு இருக்கிறது பார், ஸ்பேனர் நழுவி என் கட்டைவிரல் நகம் போன அன்று வந்தது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நூற்று நாற்பது வரை எழுதிவிட்டேன்.

அதற்கு மேல் கை ஓடவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நீ பெரியது என்று பிரித்தவை, அநேகமாக எல்லாம் எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்துப் போல்ட்டுகள். அந்தப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல் இருக்கிறது. பட்டி வைத்து அடைத்துக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன், சும்மா பார்த்தால் தெரியாது. நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டால் எஞ்சின் பிளக்கும் என்று உன்னிடம் கத்தினேனே, அது புத்தகத்தில் படித்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் நானே செய்தது. டப்பா, காகிதம், விலாசம் எல்லாம் அதற்குப் பிறகு வந்த புத்தி.

வெளியூரிலிருந்து பாகம் வர வேண்டும் என்றது பொய். எந்த ஊரிலிருந்தும் எதுவும் வர வேண்டியதில்லை.

இந்தத் தீவுக்கே நான்தான் விளக்குப் போடுகிறேன். எஞ்சினில் ஒரு சத்தம் மாறினால் தூக்கத்திலேயே தெரிந்துவிடும் என்று இங்கே எனக்குப் பெயர். அங்கே வந்து தெருவில் கால் வைத்தால் மேல் வீட்டுக்காரரில் ஆரம்பித்து எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "என்ன மெக்கானிக், வண்டி எப்ப ஓடும்?" முதலில் சிரித்துச் சமாளித்தேன். பிறகு லீவைச் சுருக்கினேன். அப்புறம் வராமலே இருந்துவிட்டேன். அவ்வளவுதான் அக்கா காரணம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். விரிசலை டாக்டரம்மாவிடம் சொன்னால் வாங்க மாட்டார், உன் ஷெட்டும் காலியாகாது. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் இஷ்டம்.

தம்பி


ஏப்ரல் 4

அட பைத்தியக்காரத் தம்பிக்கு,

ஓர் ஓட்டை வண்டிக்குப் பயந்து நாலு வருஷம் வீட்டுக்கு வராத ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் அத்தானும் இருந்துகொண்டதில் உனக்கு மனத்தாங்கல் என்று நினைத்தேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று கேட்கவும் இல்லை. நாலு வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். நேரில் இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். பிறகு கட்டிக்கொண்டிருப்பேன், அது வேறு.

இனி என் வண்டவாளத்தைக் கேள். எலியைக்கூட விளம்பரத்தில் எழுதின மகா நேர்மைக்காரி, உன் கடிதத்தைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. "அவங்க எடுத்துட்டுப் போனப்புறம் தெரிஞ்சா தெரியட்டுமே, நமக்கா தெரியும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேஜை, திரை, என் பெயர், பழைய முதலாளியின் முகம் எல்லாம் மாறி மாறி வந்தன. மூன்றாம் நாள் டாக்டரம்மா தாளில் கையெழுத்துப் போட வந்து, பேனாவைத் திறந்துகொண்டே, "வேற ஏதும் சொல்ல வேண்டியது இருக்காம்மா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"விரிசல் இருக்கு டாக்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்தார். சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் விட்டு நகத்தால் பட்டியைச் சுரண்டினார். பிறகு பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "சொன்னது சரிதான்" என்று அத்தான் சொன்னார். வண்டி போகவில்லை என்கிற சந்தோஷத்தில் சொன்னாரோ என்னவோ.

மூன்று நாள் கழித்து டாக்டரம்மா ஒரு பட்டறைக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் எஞ்சினைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். விரிசல் நெடுக நெருக்கமாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆணியைத் திருகி இறுக்கி ஒட்டவைத்துவிடலாமாம். "இதுக்குப் போயா மூடி வெச்சாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொண்டு டாக்டரம்மா வாங்கிக்கொள்கிறார். "சொல்லாம இருந்து பின்னாடி தெரிஞ்சிருந்தா, உங்க வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஒரே நிபந்தனை: மீதி எழுபத்து மூன்று விலாசமும் வந்தால்தான் வண்டி நகரும். பதினைந்துக்கு முன்னால் உனக்கு ஒரே ஒரு படகு இருக்கிறது. வெட்கப்படுவதை அப்புறம் வைத்துக்கொள், எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

படகு கிளம்பச் சங்கு ஊதிவிட்டான். 141 முதல் 213 வரை இத்துடன்.

187 மட்டும் வண்டியுடையது இல்லை. உன் பழைய தையல் மெஷின் காலிலிருந்து அவசரத்துக்கு நான் கழற்றினது. மெஷின் ஏன் ஆடுகிறது என்று எட்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாய். அதை நீயே வைத்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

187க்கான கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

பதினான்காம் தேதி காலையில் வண்டி போயிற்று. இழுக்கிற லாரி வந்ததும் தெருவே கூடிவிட்டது. உன் விலாசங்களையெல்லாம் டாக்டரம்மா ஒரு நோட்டில் எழுதி, போல்ட்டுகளைத் திரும்பவும் நாற்பத்திரண்டு டப்பாவில் பிரித்து வைத்திருந்தார். இந்தத் தடவை மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, "யாரும் தொடக்கூடாது" என்று வேறு போட்டிருந்தார். எழுதும்போது என்னைத்தான் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். இழுத்துக்கொண்டு போகிற வண்டிக்கு ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வேண்டும்தான், ஆனால் அவர் உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! அத்தான் கூடவே முனை வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மேஜை வந்தது. இதை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், மேடைத் திரை முதல் துண்டு வெட்டியாகிவிட்டது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது வேறு. வண்டி வாசலைத் தாண்டும்போது மேல் வீட்டுக்காரர் மாடியிலிருந்து குனிந்து, உன்னிடம் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்:

"என்ன டாக்டர், வண்டி எப்ப ஓடும்?"

நான் சட்டென்று டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். டாக்டரம்மா தலையை நிமிர்த்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தெரியலயே!" என்று சிரித்தார். மேல் வீட்டுக்காரரும் சிரித்தார். "சரி சரி, பாத்துப் போங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான்டா. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேறு எதுவும் கேட்கவே இல்லை. நான் வாசலில் நின்று அழுதேன். வண்டி போனதற்கு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வா.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

ஞாயிற்றுக்கிழமைப் படகில் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எத்தனை நாள் என்று மேலதிகாரி கேட்டார்.

"தெரியலயே" என்றேன். அவரும் சிரித்தார்.

தம்பி